இரவல் ஃப்ரிட்ஜும் நாற்பத்தோராம் இலக்கமும்

“என் பேரு காத்தமுத்து விதுர்ஷன். வயசு இருபத்திமூணு. இப்ப இருக்கிறது கத்தார்ல, தோஹா டவுனுக்கு வெளிய ஒரு ரூம்ல. சொந்த ஊரு மாரகந்த தோட்டம், கீழ்ப்பிரிவு, ஏழாம் நம்பர் லயம். நான் வாயால சொல்லச் சொல்ல போன் எழுதுது. பிழை இருந்தா மன்னிச்சுக்குங்க.”

அதற்கு மேல் வாசிக்காமல் சுதர்சினி போனைக் கவிழ்த்து வைத்தாள். உள்ளே கட்டிலில் அப்பா இருமினார்.

“யாரு பாப்பா, தம்பியா?”

“ஆமாப்பா. சும்மா, குட்மார்னிங் போட்டிருக்கான்.”

“வேலைக்குப் போயிட்டானாமா?”

“போயிட்டானாம்.”

பொய் சொல்வது இப்போதெல்லாம் அவளுக்குப் பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது. தம்பிக்கு வேலை இல்லாமல் போய் நான்கு மாதம். இந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

இன்றைக்குப் பத்து மணிக்குப் பிரதேச செயலகத்தில் விசாரணை. தம்பி அனுப்பியதைப் பஜாரில் பிரிண்ட் எடுத்து, அங்கே வேலை செய்யும், தமிழ் தெரிந்த பஹ்மா மிஸ்ஸின் கையில் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டு வருவதுதான் அவளுடைய திட்டம். அம்மா இந்நேரம் ரப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருப்பாள். பால் நிறுத்து முடித்து வர எப்படியும் பன்னிரண்டாகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எல்லாம் தொடங்கியது ஒரு சனிக்கிழமை. சுதர்சினியைப் பெண் பார்க்கப் பெல்மதுளை பஜாரிலிருந்து அன்னலட்சுமி அம்மாளும் அவர் மகன் சுஜனும் வந்த சனிக்கிழமை. சொந்தக் கடை வைத்திருக்கிற குடும்பம் என்று தரகர் சொன்னதும் சுதர்சினியின் அம்மா கிருஷ்ணகுமாரிக்குக் கை கால் ஓடவில்லை. கணக்கப்பிள்ளை வீட்டு சோபா செட்டி வந்தது. அதே லயத்து வரிசையில் மூன்று வீடு தள்ளியிருக்கும் ராகினியின் ஃப்ரிட்ஜை நான்கு பேர் பிணம் தூக்குகிற மாதிரி வாசல் திண்ணையான இஸ்தோப்பு வழியாகத் தூக்கி வந்து வைத்தார்கள். ராகினியின் மீன் பார்சலை வெளியே எடுக்க மட்டும் எல்லோருமே மறந்துவிட்டார்கள். அன்னலட்சுமி அம்மாள் குளிர்ந்த தண்ணீர் கேட்டபோது சாளை மீன் வாசத்தோடு தண்ணீர் வந்தது.

சமுர்த்தி உதவியை நிறுத்தி அஸ்வெசும என்ற புதிய அரசாங்க நிவாரணம் கொடுப்பதற்கு வீடு வீடாகப் பதிந்துகொண்டிருந்த பெண், கையில் டெப் கணினியோடு இஸ்தோப்பில் ஏறியதும் அதே நேரத்தில்தான்.

“ஃப்ரிட்ஜ் உங்களோடதா?”

மூன்றடி தள்ளி அன்னலட்சுமி அம்மாள் தேத்தண்ணீர்க் கோப்பையோடு காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

“வேற யாரோடது மிஸ்?” என்றாள் கிருஷ்ணகுமாரி.

“செட்டி?”

“அதுவுந்தான்.”

“வெளிநாட்டுல யாரும் இருக்காங்களா?”

“மகன் கத்தார்ல சுப்பர்வைசர்.” இதை அவள் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் தட்டிப் பதிந்தாள். ஃப்ரிட்ஜைப் போட்டோவும் எடுத்துக்கொண்டாள். சம்பந்தம் பேசி முடிந்தது. வைகாசியில் பரிசம் என்றார்கள். அடுத்த மாதம் பட்டியல் வந்தது. அதில் சுதர்சினியின் அப்பா காத்தமுத்துவின் பெயர் இல்லை. முறைப்பாடு எழுதிப் போட்டதற்குத்தான் இன்றைய விசாரணை.

காத்தமுத்துவுக்கு சீனி வியாதி. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. அந்தப் புண் ஆறாமல் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கிழமைக்கு ஒரு தடவை போய்க் கட்டு மாற்ற வேண்டும். பஸ் ஏற முடியாது, த்ரீவீல்தான். இரண்டு கிழமையாக அதற்கு வழியில்லை. இன்னும் தள்ளிப்போட்டால் முழங்காலும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டியலில் பெயர் ஏறினால்தான் அந்த முழங்கால் தப்பும்.

சுதர்சினி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இஸ்தோப்புப் படியில் அம்மா நின்றாள். பால் வெட்டுகிற பழைய சட்டை இல்லை. தீபாவளிக்கு எடுத்த நீலச் சீலை.

“என்னடி முழிக்கிற? பொறப்புடு.”

“மலைக்குப் போகலியாம்மா?”

“இன்னைக்கு ஒரு நாள் பேரும் சம்பளமும் போனா போகுது. நான் சொன்ன பொய்ய நானே போயித் திருத்துறேன். ஃப்ரிட்ஜும் செட்டியும் இரவலுன்னு சொன்னா முடிஞ்சது. அவ்ளோதானே?”

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. “அவ்ளோதான்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“நீங்க சும்மா கெடங்க. அன்னைக்கு அந்த செட்டியில கால நீட்டி ஒக்காந்திருந்தது யாரு?”

“ஒத்தக் காலத்தான் நீட்டுனேன்.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சுதர்சினி வாசலைப் பிடித்துக்கொண்டாள். “நான் தனியா போயிட்டு வாரேம்மா. நீங்க வந்தா நேரமாகும்.”

“எனக்கு என்ன கால் இல்லையா? நட.”

மூன்று வீடு தள்ளி ஒரு தலை நீண்டது. ராகினி. கையில் ஈர்க்குமாறு.

“குமாரியக்கா, போறது போறீங்க, எம் பேர அங்க எடுத்துராதீங்க. அன்னைக்கு எங்க வீட்டப் பதியயில ஃப்ரிட்ஜு ஒங்க வீட்ல நின்னுச்சு. அதாலதான் எனக்குக் கெடச்சுச்சு. நீங்க வாயத் தொறந்தா என்னையும் வெட்டிருவானுங்க.”

“எங்க வயித்துல மண்ணு, ஒன் வயித்துல சோறா?”

“அந்தச் சோத்துல ஒங்களுக்கும் பாதி அனுப்புனேனேக்கா!”

அது உண்மைதான். போன கிழமை இரண்டு நாள் ராகினி வீட்டுச் சோற்றில்தான் அப்பா மாத்திரை போட்டார். கிருஷ்ணகுமாரி சீலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு படியிறங்கினாள்.

பெல்மதுளை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சுதர்சினி, அம்மாவை எங்கே நிறுத்திவிட்டு உள்ளே போகலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். அம்மாவோ உற்சாகமாக இருந்தாள். பொய்யை இறக்கி வைக்கப் போகிறவளுக்கு வருகிற உற்சாகம்.

“தம்பி என்னடி அனுப்புனான் காலையில?”

“சும்மாம்மா.”

“என்னோட பேசியே பத்து நாளாச்சு. சுப்பர்வைசர்னா சும்மாவா? நாலு பேர மேய்க்கணும்.”

பஜாரில் இறங்கியதும், “ஒரு போட்டோகொப்பி எடுக்கணும்மா, நீங்க இந்த நிழல்ல நில்லுங்க” என்று சொல்லிவிட்டுச் சுதர்சினி கொம்யூனிகேஷன் கடைக்குள் ஓடினாள். பிரிண்ட் சூடாக வந்தது. ஒரே பக்கம். மிச்சத்தை, கடைசி இரண்டு வரி வரை, அங்கேதான் முதன்முதலாக வாசித்தாள். வாசித்ததும் தாளைக் கீழ்ப்பக்கமாக மடித்து நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். அந்த மடிப்புக்குக் கீழே யாரும் போகக் கூடாது.

செயலக மண்டபத்தில் இலக்கப்படி உட்கார வைத்திருந்தார்கள். ஒரு மனிதர் துண்டைப் பார்த்துப் பார்த்து நாற்காலியைக் காட்டினார். இவர்களுக்கு நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டாவது நாற்காலியில் பட்டுக்கரைச் சீலையும் மடியில் கறுப்புக் கைப்பையுமாக ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

“அட, குமாரியா!” என்றார் அன்னலட்சுமி அம்மாள். “இந்தப் பக்கம் எங்க?”

கிருஷ்ணகுமாரியின் உற்சாகம் அந்த நொடியிலேயே செத்தது. “ஐடென்டிகார்ட் விசயமாங்க… பாப்பாவுக்கு. நீங்க?”

“கடை லைசன் புதுப்பிக்கணும். வருசா வருசம் இதே கரைச்சல்தான்.” அவர் கைப்பையை இன்னும் கொஞ்சம் இழுத்து மடியை மூடிக்கொண்டார். “சுஜன் வாரேன்னான். கடைய யாரு பாக்குறது, நானே போறேன்னு சொல்லிட்டேன். நீ என்னம்மா இளைச்சுட்ட? மாமியார் வீட்டுக்கு வாரதுக்குள்ள ஒடம்பத் தேத்து.”

சுதர்சினி சிரித்துவைத்தாள். கைப்பைக்கு அடியில் ஒரு மஞ்சள் துண்டின் முனை தெரிந்தது. அவள் கையில் இருப்பதும் மஞ்சள் துண்டுதான். லைசனுக்குப் போகிறவர்கள் வெள்ளைத் துண்டோடு எதிர் வரிசையில் இருந்தார்கள். அவள் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

“பஹ்மா மிஸ் எங்கங்க?” என்று இலக்கம் காட்டும் மனிதரிடம் மெதுவாகக் கேட்டாள்.

“பஹ்மா மிஸ் அத லீவு. மஹத்தயா இன்னவானே.”

இன்றைக்கு லீவு. இருப்பது மஹத்தயா என்று எல்லோரும் கூப்பிடும் அதிகாரி மட்டும். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

“நாற்பத்தொன்று!”

மேசை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அங்கே பேசுவது முதல் மூன்று வரிசைக்கும் கேட்கும். லயத்து இஸ்தோப்பும் இதுவும் ஒன்றுதான். இங்கே ஃபேன் சுற்றியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மஹத்தயா ஐம்பதைத் தாண்டிய, அமைதியான மனிதர். ஃபைலைப் புரட்டினார். ஃப்ரிட்ஜின் போட்டோவை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அதைச் சுட்டிக்காட்டிச் சிங்களத்தில் கேட்டார். இது உங்களுடையது என்று சொல்லியிருக்கிறீர்களே?

கிருஷ்ணகுமாரி திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் கேட்கிற சிங்களத்தில் சொன்னாள்.

“அப்பே நெவெய் மஹத்தயா. எங்களோடது இல்ல. அன்னைக்கு மகளப் பொண்ணு பாக்க வந்தாங்க. அதுக்கு இரவல் வாங்கி வச்சேன். செட்டியும் அப்பிடித்தான். வந்தவங்க முன்னாடி இல்லன்னு சொல்ல வாய் வரல. என் தப்புதான்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அன்னலட்சுமி அம்மாளின் பக்கமிருந்து வளையல் சத்தம்கூட வரவில்லை. பரிசம் போயிற்று என்று சுதர்சினி நினைத்தாள். சுஜன் அனுப்பிய இரண்டே இரண்டு மெசேஜும் ஞாபகத்துக்கு வந்தன. ‘சாப்டீங்களா’ ஒன்று, ‘மழையா அங்க’ ஒன்று.

“அப்ப யாரோடது?” என்றார் மஹத்தயா.

ராகினியின் பெயர் அம்மாவின் நாக்கு நுனி வரை வந்ததைச் சுதர்சினி பார்த்தாள். அப்பாவின் மாத்திரைக்கு முந்திய சோறு அதைத் திருப்பி விழுங்கவைத்தது.

“லயத்துல ஒருத்தரோடது மஹத்தயா. பேர மட்டும் கேக்காதீங்க.”

மஹத்தயா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். போட்டோவைத் திருப்பி வைத்தார். “ஹரி, சரி. ஃப்ரிட்ஜை விடுவோம். வீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். மகன்? கத்தாரில் சுப்பர்வைசர் என்று இருக்கிறதே?”

அம்மாவின் முதுகு நிமிர்ந்தது.

“அது பொய் இல்ல மஹத்தயா. ஃப்ரிட்ஜுதான் பொய். மகன் நெசமாவே சுப்பர்வைசர்தான்.”

பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. “அப்படியென்றால் கஷ்டம் அம்மே. வெளிநாட்டில் நிரந்தரச் சம்பளம் வாங்குகிற மகன் இருந்தால்…” அவர் ஃபைலின் கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்தார்.

அந்தக் கட்டத்தில் விழப்போவது ஒரு கோடுதான். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் முழங்கால் இருந்தது.

“மஹத்தயா!” சுதர்சினியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. தாளை எடுத்து நீட்டினாள். “தம்பி அனுப்பியிருக்கான்.”

அவர் வாங்கிப் பார்த்தார். “மேக தெமளனே, நங்கி.” தமிழில் இருக்கிறதே, தங்கச்சி. திருப்பிக் கொடுத்தார். “கியவலா சிங்ஹலென் கியன்ன.” வாசித்து, சிங்களத்தில் சொல்லு.

வேறெந்த ஊராக இருந்தாலும் அம்மாவுக்குப் புரியாத பாஷையில் சொல்லித் தப்பித்திருக்கலாம். இங்கே சிங்களம் அம்மாவுக்கு அவளைவிட நன்றாக வரும். ஒளித்துப் பேச ஒரு பாஷை இல்லை.

அவள் வாசித்தாள். ஒரு வரி தமிழில், அதே வரி சிங்களத்தில். கிருஷ்ணகுமாரி ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை கேட்டாள்.

“நான் சுப்பர்வைசர் இல்ல. வந்த நாள்ல இருந்து கட்டடம் தொடைக்கிற வேலதான். அந்தக் கம்பெனியும் பூட்டி நாலு மாசமாகுது. பாஸ்போட் இன்னும் கையில வரல. கஹவத்தை ஊர்க்காரரு றம்ஸான் நானாவோட ரூம்ல இருக்கேன். அவரு நைட் ஷிஃப்டுக்குப் போனதும் அவரு கட்டில்ல நான் படுப்பேன். அவரு வந்ததும் எந்திரிச்சு வெளிய போயிருவேன். அவரு சாப்புடுறதுல எனக்கும் தாராரு. வீட்டுக்கு ஒண்ணும் அனுப்புறதில்ல. அனுப்ப ஒண்ணும் இல்ல.”

மண்டபத்தில் யாரோ இருமினார்கள்.

“சுப்பர்வைசர்னு அம்மாகிட்ட சொன்னது நான்தான். அம்மா அத நம்பித்தான் அன்னைக்கு சொன்னாங்க. பொய் என்னோடது. அம்மா பொய் சொல்லல. அப்பாவோட கால வச்சு இத முடிவு பண்ணுங்க.”

மடிப்பு வந்தது. சுதர்சினி நிறுத்திக்கொண்டாள்.

மஹத்தயா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு கிருஷ்ணகுமாரியைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். “அம்மே, தன்னவத?” உங்களுக்கு இது தெரியுமா?

அம்மாவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. பால்கறை ஏறிய நகங்கள் வெளுத்திருந்தன.

“தன்னவா மஹத்தயா,” என்றாள். தெரியும்.

மஹத்தயாவிடம் உண்மையே பேச வந்தவள் அவரிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.

மஹத்தயா பேனாவை மூடினார். “நான் இப்போது ஒன்றும் எழுதவில்லை. போனில் வந்த கடிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. நாளைக்குப் பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். வீட்டையும் பார்க்கிறேன், ஐயாவின் காலையும் பார்க்கிறேன். அந்த நேரம் மகனை வீடியோ கோலில் எடுத்துத் தாருங்கள். அவர் வாயால் சொல்லட்டும். அம்மா, நீங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும்.”

“இருப்பேன்,” என்றாள் கிருஷ்ணகுமாரி.

அவர்கள் திரும்பினார்கள். அன்னலட்சுமி அம்மாள் இருவரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாற்பத்திரண்டு!”

யாரும் எழுந்திருக்கவில்லை.

“நாற்பத்திரண்டு! அஸ்வெசும முறைப்பாடு, நாற்பத்திரண்டு!”

பட்டுக்கரைச் சீலை அசையவில்லை. கைப்பைக்கு அடியில் விரல்கள் மட்டும் எதையோ சுருட்டிச் சுருட்டிக் கசக்கிக்கொண்டிருந்தன. கிருஷ்ணகுமாரி ஒரு நொடி நின்றாள். அன்னலட்சுமி அம்மாளின் பக்கமாகக் கொஞ்சம் குனிந்தாள்.

“போங்க,” என்றாள், வேறு யாருக்கும் கேட்காத குரலில். “மஹத்தயா நல்ல மனுசன்தாங்க.”

பஸ் நிலையம் வரை அம்மா முன்னால் நடந்தாள். பழக்கடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மழைக்கு முந்திய புழுக்கம். சீலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். கண்ணைத் துடைக்கவில்லை.

“எத்தன நாளாடி தெரியும் ஒனக்கு?”

“மூணு மாசமா.”

“கட்டில்கூட இல்லியா அவனுக்கு?”

சுதர்சினி தாளைப் பைக்குள் திணித்தாள்.

“பேசிப் பத்து நாளாச்சுன்னு நான் இங்க பெரும பீத்திக்கிட்டு இருக்கேன். மேய்க்கிறானாம் நாலு பேர.” அவள் சிரிக்கப் பார்த்தாள்; பாதியிலேயே அது வேறு எதுவாகவோ மாறியது. “உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத.”

மடியில் இருந்த போன் அடித்தது. அம்மாவின் போன். திரையில் விதுர்ஷனின் முகம்; எங்கேயோ ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிற பழைய படம். பத்து நாளைக்குப் பிறகு அவனாகவே எடுக்கிறான். விசாரணை என்ன ஆயிற்று என்று தெரியாமல் அங்கே துடித்துக்கொண்டிருப்பான். அக்காவின் போன் பைக்குள் சைலண்ட்டில் கிடந்தது.

அம்மா போனை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

“அந்தத் தாள எடு,” என்றாள்.

“எதுக்கும்மா?”

“கீழ மடிச்சு வச்சிருக்க. நான் பாத்தேன். மிச்சத்த வாசி.”

“ஒண்ணுமில்லம்மா அதுல.”

“வாசிச்சிட்டுத்தான் இந்தப் போன எடுப்பேன். வாசி சுதா.”

போன் அடித்து ஓய்ந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி அடித்தது. சுதர்சினி மடிப்பைப் பிரித்தாள். நகம் தேய்த்த இடத்தில் எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது; ஆனாலும் வாசிக்க முடிந்தது.

“இத வாசிக்கிறது யாரா இருந்தாலும் ஒங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வேல கெடச்சதும் நானே சொல்லிக்கிறேன், அதுவரைக்கும் இத எங்கம்மாவுக்கு மட்டும் வாசிச்சுக் காட்டிராதீங்க.”